பாலம் பார்க்கப் போகிறவர்

பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மனிதர் தினமும் சாயங்காலம் வீட்டைவிட்டுக் கிளம்பினால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. கோயிலுக்கு என்றால் சரி. டீ குடிக்க என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். லாலாகுடா பக்கம் ரயில் யார்டுக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட இரும்புப் பாலம் அது. மேலே ஆட்டோவும் ஸ்கூட்டரும் தடதடவென்று போகும், கீழே கூட்ஸ் வண்டிகள் நிற்கும். பிறந்ததிலிருந்து அதன் மேல் நடந்து வளர்ந்த என் கணவருக்கு, ரிட்டயர் ஆன பிறகு அதில் புதிதாகப் பார்க்க என்ன முளைத்துவிட்டது?

நான் சந்தேகப்படுகிறவள்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காய்கறிக்காரர் தராசைத் தூக்கும்போது என் கண் தக்காளியில் இருக்காது, அவர் விரலில் இருக்கும். காஸ் சிலிண்டரின் சீலைத் தடவிப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்று முழுவதும் அந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். "ம்மா, நீ போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் சொல்வாள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. வர இடம் கொடுத்ததில்லை. அவருடைய தாத்தா ரயில் வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்டவர். மூன்று தலைமுறையாக இந்த ஊர்தான். நான் விருதுநகர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவர் வீட்டுத் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு. முதல் மாதம் முழுவதும் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் விழித்தேன். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் செருப்பைக் கழற்றுமுன்பே பேச ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசர் என்ன சொன்னார், பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிடும். மறைக்கத் தெரியாத மனிதர் என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆகி வீட்டோடு வந்த பிறகு மனிதர் மாறிப்போனார். சமையலறையிலிருந்து நான் எதைச் சொன்னாலும் பதில் வராது. வந்து எதிரில் நின்று கேட்டால் ஹவ். சாப்பிடுகிறீர்களா, ஹவ். கரண்ட் பில் கட்டியாச்சா, ஹவ். கட்டியிருக்க மாட்டார். போன் அடித்தால் யார் என்று பார்ப்பார், எடுக்க மாட்டார், அணைத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மூலையில் உட்கார்ந்து மெசேஜ் தட்டிக்கொண்டிருப்பார். மனைவி எதிரில் எடுக்க முடியாத போன் எந்த வகை என்று எனக்குத் தெரியாதா? லோத்குண்டாவில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டார்கள்; தலைவலி என்று படுத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அவர் பார்வை. நான் பேச வாயைத் திறந்தால் போதும், என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். கண் சிமிட்டாமல், நான் முடிக்கும்வரை. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. தப்புச் செய்தவன்தான் இப்படிப் பார்ப்பான், இவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அளந்துகொண்டு. அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அதை நான் சரியாகவே கண்டுபிடித்தேன்.

ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்னி போதுமா என்று கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டேன், இல்லை. எனக்குத் தாங்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், தோசைக்கல்லைப் பார்த்தே சொன்னேன்.

"உங்களுக்கு நான் வேணாம்னு ஆயிடுச்சுன்னா சொல்லிருங்க. பேசாம மக வீட்டுக்கே போயிடறேன். இனிமே அங்கேயே இருந்துக்கறேன்."

பின்னால் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது.

"ஹவ்" என்றார்.

அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு கோபம்கூட இல்லை. தோசை கருகியதை நான் கவனிக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று மத்தியானம் மகளிடம் போனில் சொன்னேன். அவள் பதறிப்போய், "ம்மா, நீ கெளம்பி வா. உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. யாரும் உன்ன ஒண்ணும் கேக்கப் போறதில்ல" என்றாள். போனால் சும்மா பார்த்துவிட்டுத் திரும்புகிற போக்காக இருக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த ஊர் அம்மன் பண்டிகை போனாலு முடியட்டும், ஆடி முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் யாருக்காக என்னை விட்டார் என்று தெரியாமல் என்னால் ரயில் ஏற முடியாது. அதனால்தான் பின்னாலேயே போனேன்.

மழைக்காலம், குடை எனக்கு வசதியாகப் போயிற்று. அவர் தெருமுனை திரும்பியதும் நான் கிளம்பினேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வழியாக நடந்தார், ஒர்க்‌ஷாப் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்களுக்கு எதிராக. யாரிடமும் நின்று பேசவில்லை. நேராகப் பாலத்துக்குத்தான் போனார். அதிலேயே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பாலத்தின் தொடக்கத்தில் சாய்வாக ஏறும் பெரிய தூண் ஒன்று இருக்கிறது. ஆள் ஒளிய நல்ல அகலம். குடையைத் தாழ்த்திக்கொண்டு அதன் பின்னால் நின்றேன்.

நடைபாதையில் ஒரு பெண் கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குத்தி. "ஏமி சாரு, ஈரோஜு லேட்டு?" என்று அவள் கேட்டது, ஆட்டோ சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது. ஏன் இன்று தாமதம் என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம்! என் வீட்டு ஊமை அங்கே வாய் திறந்தது. கேட்டதற்கு ஹவ் இல்லை, முழு முழு வாக்கியமாகத் தெலுங்கில் பதில். கையை ஆட்டிப் பேசினார். அவள் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! குடைக்கம்பியை நெரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குத் திரும்பி, அலமாரியிலிருந்து என் புடவைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். ஒரே ஒரு சிரிப்பை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆனால் ஒளிந்து நிற்கிறவளுக்கு நேரம் நகராது. அவர் பழக்காரியிடம் கொஞ்ச நேரம் பேசுவார், பிறகு நடுப்பாலத்துக்குப் போய்க் கீழே யார்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவு நேரமும் நான் என் மூக்குக்கு நேரே இருந்த இரும்பைத்தான் பார்த்தாக வேண்டும்.

இதுவரை நான் அந்தப் பாலத்தைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். பழக்கதோஷத்தால் அதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். இவ்வளவு மெல்லிய பட்டைகள் எப்படி இத்தனை ஆட்டோவைத் தாங்கும்? எங்கேயோ ஏமாற்று இருக்க வேண்டும். தூண் என்று நான் நினைத்தது ஒரே இரும்பு இல்லை. இரண்டு தகடுகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளைப் பின்னி ஆணி அடித்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது, ஒரு புறாக்கூடும் தெரிந்தது. ஆணிகளின் தலை உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளி பெயிண்டுக்கு அடியில் பழைய பெயிண்ட், அதற்கடியில் அதைவிடப் பழையது என்று உரிந்த இடத்தில் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. கீழ்ப்பக்கம் நிலக்கரி எஞ்சின் காலத்துப் புகைக்கரி இன்னும் போகவில்லை.

பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. எல்லாம் முக்கோணம். ஒரு கம்பி சாய்ந்தால் அடுத்தது அதற்கு முட்டுக்கொடுக்கிறது, அதை இன்னொன்று இழுத்துப் பிடிக்கிறது. ஒரு லோடு ஆட்டோ ஏறினால் எது நடுங்குகிறது, எது இறுகுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே கவனிக்கலாம். சிமென்டில் கட்டிய புதுப் பாலங்கள் எல்லாம் பூசி மெழுகி நிற்கின்றன. உள்ளே கம்பி போட்டார்களா, காகிதம் போட்டார்களா, யாருக்குத் தெரியும்? இதில் மூடி வைத்தது என்று ஒன்றும் இல்லை. எந்தச் சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிடப் பிடித்த பொருள் இருக்க முடியாது. சாயங்கால வெயில் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்து பின்னல் நிழலைச் சாலை முழுவதும் போட்டபோது, அழகாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு, நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து என் மேலேயே எரிச்சல்பட்டேன்.

ஒரு நாள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரமாகவே என்னைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஏமம்மா, இக்கட ஏம் சேஸ்துன்னாரு?" என்றார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்.

கணவரை வேவு பார்க்கிறேன் என்று சொல்ல முடியுமா? "பிரிட்ஜ் சூஸ்துன்னானு" என்றேன், பாலம் பார்க்கிறேன் என்று. அந்த நேரத்தில் அது முழு உண்மையும்கூட.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தினமும் தனியாக வந்து கைப்பிடி ஓரமாக நிற்கிற பெண்பிள்ளை, பாலம் பார்க்கிறாளாம். ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையா, பிள்ளைகள் இருக்கிறார்களா, போன் நம்பர் கொடுங்கள் என்று விசாரணையே ஆரம்பித்துவிட்டார். குதித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார் பாவம். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாலம் பார்க்க வந்தவளை நம்பாத அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதே பதிலைச் சொன்ன என் கணவரை நான் நம்பினேனா என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மழை பலமாகப் பெய்து ஓய்ந்தது. கொய்யாக்காரி வரவில்லை. இன்றைக்கு இவர் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று ஆவலாக நின்றேன். நேராக நடுப்பாலத்துக்குப் போனார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், சரியான திருட்டு முழி. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஈரம் சொட்டும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய், காதுக்குப் பின்னால் இருக்கும் மண்டை எலும்பு அதில் படும்படி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டோ ஒன்று இரும்புத் தகட்டின் மேல் ஏறி 'டணார்' என்றது. அவர் உதட்டில் சிரிப்பு. கீழே ஷண்டிங் எஞ்சின் வேகன்களைத் தள்ளிச் சேர்த்தது, அதற்கும் சிரிப்பு. வேறொருத்தி என்றால் சண்டை போடலாம். மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றால் நான் யாரோடு சண்டை போடுவது?

ஒளிந்தது போதும் என்று நேராகப் போனேன். அவருக்குப் பின்னால் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றேன். பாலத்தில் வண்டி இல்லை, யார்டும் அடங்கியிருந்தது.

"என்னங்க" என்றேன்.

அசையவில்லை.

"உங்களத்தான்! நான் நிக்கறது தெரியலையா?"

ஊகூம். இங்கேயுமா இந்த மௌனம்? இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமும் கைக்கு வந்துவிட்டது. அவரை அடிக்க முடியாத கோபத்தில் அந்தத் தூணை ஓங்கி அறைந்தேன். என் வளையல் இரும்பில் பட்டு 'ணங்' என்றது.

அவர் துள்ளி விலகினார். காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார், கீழே யார்டைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

நான் வாய்விட்டுக் கூப்பிட்டது கேட்கவில்லை. வளையல் பட்டது கேட்டிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன். எடுக்காத போன், எதற்கும் ஹவ், நிச்சயதார்த்தத் தலைவலி, என் வாயையே பார்க்கிற பார்வை. நான் திரட்டிய சாட்சியத்தில் ஒன்றுகூடப் பொய் இல்லை. குற்றத்தைத்தான் மாற்றிப் போட்டிருந்தேன்.

"காது கேக்கலையா உங்களுக்கு?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் கண் என் உதட்டில் இருந்தது. மெல்லத் தலையாட்டினார்.

"எப்பலேருந்து?"

"தெரில. கொஞ்சம் கொஞ்சமா போச்சு. வீட்ல எல்லாம் பஞ்சு வெச்சு அடச்ச மாதிரி இருக்கு. இங்க சந்தடில எல்லாரும் கத்தித்தானே பேசறாங்க, அது கேக்குது. இதுல தலைய வெச்சா வண்டி போறது வரது எல்லாம் நேரா மண்டைக்குள்ள வருது. பழையபடி." இரும்பைத் தடவிக்கொடுத்தார். "அதுக்குத்தான் வரேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" பழக்கத்தில் மெதுவாகக் கேட்டுவிட்டேன். உரக்கக் கேட்க வேண்டும் என்று தோன்றி மறுபடி கேட்டேன்.

அவர் யார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க ஃபேக்டரில ஒருத்தருக்குக் காது போச்சு. தெரிஞ்சதும் எல்லாரும் அவர்ட்ட கையாட்டி வேலய மட்டும் சொன்னோம். கத பேசறத விட்டுட்டோம், நானுந்தான். செவிடன்ட்ட யாரு உக்காந்து பேசுவா? சொன்னா நீயும் நிறுத்திடுவன்னு பயம். கேக்கலன்னாலும், நீ நாள்பூரா ஏதோ பேசிட்டே இருக்கறது தெரியுதில்ல? அது போதும்னு இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்ப கொஞ்ச நாளா அதயும் நிறுத்திட்ட. கைக்கு?"

அழுதுகொண்டே சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி கீழே நகர ஆரம்பித்தது. வேகன் வேகனாக மோதி இழுபட, பாலம் முழுவதும் அதிர்ந்தது.

"மக வீட்டுக்கே போயிடறேன்னு சொன்னேன். நீங்க ஹவ்னு சொன்னீங்க."

அவர் முகம் வெளுத்ததை நான் மறக்கவே மாட்டேன். "நானா? ஹவ்னா?" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டார். "எங்க போறேன்னு சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். கூட்ஸ் வண்டியின் சத்தத்துக்கு மேலே, விருதுநகர்ப் பக்கத்துத் தொண்டை அத்தனையையும் திறந்து கத்தினேன்.

"நக்கோ!" என்று அவர் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். "நக்கோ, நக்கோ!"

நடந்து போனவர்கள் நின்றார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் வேகத்தைக் குறைத்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி நடுரோட்டில் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி, இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.